ஜெரோம் கான் சொன்ன ‘ஐந்தில் ஒருவர்’ கணக்கு: அவர் மிகைப்படுத்தினாரா, மற்றவர்கள் தவறவிட்டார்களா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிக்கிறேன். அட்ரினல் சுரப்பியைப் பற்றிய பாடத்தின் கடைசியில் ‘கான் நோய்க்குறி’ என்று இரண்டு வரிகள் வரும். அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரக்கும், இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும், அரிதான நோய். பல ஆண்டுகளாக அதை அப்படியே படித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, “அரிது என்றால் எவ்வளவு அரிது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

தேடிப் பார்த்தபோது குழப்பம்தான் கூடியது. இந்த நோயைக் கண்டறிந்த மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரோம் கான், காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தம் என்று எழுதிவைக்கப்படுகிறவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினருக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று 1960களில் சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் மற்றவர்கள் 1 சதவீதம்கூடத் தேறாது என்று மறுத்திருக்கிறார்கள். இன்றைய கட்டுரைகளோ 5 முதல் 10 சதவீதம் என்கின்றன. ஒரே நோயைப் பற்றி, ஒரே காலத்தில் வாழ்ந்த மருத்துவர்கள் இருபது மடங்கு வேறுபடும் இரண்டு எண்களை எப்படிச் சொன்னார்கள்? இன்னொன்று, கான் இரண்டாம் உலகப் போரின்போது வியர்வையைப் பற்றி ஆராய்ந்தவர் என்று படித்தேன். வியர்வையிலிருந்து இரத்த அழுத்தத்துக்கு அவர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால், வகுப்பில் அந்த மாணவிக்கு முறையாகப் பதில் சொல்வேன்.

பழைய மருத்துவன்

பேராசிரியருக்கு வணக்கம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையின் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் தென் பசிபிக் தீவுகளின் புழுக்கத்தில் தவித்தார்கள். மனித உடல் அந்த வெப்பத்துக்கு எப்படிப் பழகிக்கொள்கிறது என்பதுதான் கான் எடுத்துக்கொண்ட கேள்வி. வெப்பமும் ஈரமும் நிறைந்த அறையில் மனிதர்களை உழைக்கச் செய்து, அவர்களுடைய வியர்வை, உமிழ்நீர், சிறுநீர் மூன்றையும் சேகரித்து உப்பை அளந்தார். முதல் நாள்களில் வியர்வையோடு உப்பு தாராளமாக வெளியேறும். உடல் பழகப் பழக, வியர்வையின் அளவு குறையாமலே அதிலுள்ள சோடியம் மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். சிறுநீரகம், வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சோடியத்தைச் சேமிக்கின்றன என்றால், மூன்றுக்கும் பொதுவான கட்டளை ஒன்று இரத்தத்தின் வழியே வந்தாக வேண்டும்; அந்தக் கட்டளை அட்ரினல் சுரப்பியின் வெளி அடுக்கான புறணியிலிருந்து வருகிறது என்று அவர் கருதினார். அந்த ஹார்மோனுக்கு அப்போது பெயர்கூட இல்லை. 1953இல்தான் லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் குழுவினரோடு சேர்ந்து, அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். முதலில் எலெக்ட்ரோகார்ட்டின் என்று அழைத்தார்கள். பிறகு அல்டோஸ்டீரோன் ஆயிற்று.

மறு ஆண்டே கானிடம் ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். 34 வயதுப் பெண். ஏழு ஆண்டுகளாக அவ்வப்போது கால்கள் வலுவிழந்து நடக்க முடியாமல் போகும். கைத்தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரத்த அழுத்தமும் அதிகம். இரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது, சோடியம் சற்றே கூடியிருந்தது, இரத்தத்தின் காரத்தன்மை இயல்பைவிடக் கூடியிருந்தது. வேறு ஒருவரிடம் போயிருந்தால் சிறுநீரகக் கோளாறு என்று எழுதி முடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கான் பத்தாண்டுகளாக வியர்வையை அளந்து பழகியவர். ஆகவே அந்தப் பெண்ணின் வியர்வையையும் உமிழ்நீரையும் சோதித்தார். வெப்பத்தில் பழகிய படைவீரனின் வியர்வை எப்படி இருக்குமோ அப்படி, சோடியம் குறைந்த வியர்வை, குளிர்ந்த மிச்சிகனில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த பெண்ணிடம் இருந்தது. உப்பைச் சேமிக்கச் சொல்லும் கட்டளை, தேவை எதுவும் இல்லாமலே ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

அதன் பிறகு அவர் காட்டிய பொறுமைதான் எனக்கு வியப்பு. அந்தப் பெண்ணை 227 நாள்கள் வளர்சிதை மாற்ற ஆய்வுப் பிரிவில் வைத்து, உள்ளே போகும் உணவையும் வெளியே வரும் கழிவையும் நாள்தோறும் கணக்கிட்டார்கள். சோடியத்தைத் தேக்கும் ஹார்மோன் சிறுநீரில் இயல்பைவிட இருபது மடங்குக்கும் மேல் வெளியேறிக்கொண்டிருந்தது. 1954 அக்டோபர் இறுதியில் சிகாகோவில் நடந்த மருத்துவ ஆய்வுச் சங்கக் கூட்டத்தில், அதன் தலைவர் என்ற முறையில் பேசியபோது, ‘முதல்நிலை அல்டோஸ்டீரோன் மிகைநோய்’ என்று இதற்குப் பெயர் வைத்தார். அப்போது நோயாளிக்கு அறுவை சிகிச்சை நடந்திருக்கவில்லை. அதாவது கட்டியை எவரும் கண்ணால் காணும் முன்பே நோயை அறிவித்துவிட்டார். டிசம்பரில் அறுவை மருத்துவர் வில்லியம் பாம் வயிற்றைத் திறந்தார். தேவைப்பட்டால் இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் எடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் உள்ளே போனார்கள். வலப்பக்கச் சுரப்பியில் நான்கு சென்டிமீட்டர் கட்டி ஒன்று இருந்தது. அதை மட்டும் நீக்கினார்கள், இடப்பக்கத்தைத் தொடவில்லை. பொட்டாசியமும் இரத்த அழுத்தமும் சீரடைந்தன.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போலந்து நாட்டு மருத்துவர் மிகால் லிட்டின்ஸ்கி 1953லேயே, அட்ரினல் கட்டியோடு கூடிய உயர் இரத்த அழுத்த நோயாளிகள் இருவரைப் பற்றித் தம் மொழியில் எழுதியிருந்தார். மேற்கில் அதை எவரும் படிக்கவில்லை. ஆனால் இயங்குமுறையை அளந்து நிறுவியவர் கான் என்பதில் ஐயமில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அந்தப் பெண்ணுக்குப் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருந்ததால், பாடநூல் எழுதியவர்கள் பொட்டாசியக் குறைவை நோயின் இலக்கணமாக்கிவிட்டார்கள். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டும் நோயைத் தேடினார்கள். தேடிய இடத்தில் மட்டும் கிடைத்தது. ஆகவே அரிது என்றார்கள். கான் இதை ஏற்கவில்லை. பொட்டாசியம் இயல்பாக இருக்கும்போதே இந்நோய் இருக்கக்கூடும் என்று 1965இல் தனிக் கட்டுரையே எழுதினார். டல்லாசைச் சேர்ந்த மருத்துவர் நார்மன் கப்லன் போன்றவர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள், அவர்கள் குரலே நெடுங்காலம் வென்றது. நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்திலும் ‘பொட்டாசியம் குறையாவிட்டால் அல்டோஸ்டீரோனைப் பற்றி நினைக்காதே’ என்பதுதான் வார்டில் சொல்லிக்கொடுத்த பாடம். அதை நானும் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆய்வகத்துக்காரி

மருத்துவர் ஐயா எழுதியதை ஏற்கிறேன், ஆனால் கானை முழுவதும் சரி என்றும் கப்லனை முழுவதும் பிழை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பேராசிரியருக்குச் சொல்லத் தோன்றுகிறது. கான் பணியாற்றிய மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்கு வந்தவர்கள் பிற மருத்துவர்களால் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவர்கள். அங்கே கிடைக்கும் விகிதத்தை ஊருக்கே பொருத்த முடியாது. இத்தாலியில் டூரின் நகரக் குழுவினர், சாதாரணக் குடும்ப மருத்துவர்களிடம் வரும் 1672 பேரைச் சோதித்து 2017இல் வெளியிட்ட கணக்கில் 5.9 சதவீதம் தேறியது. மூன்று மருந்துகள் கொடுத்தும் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால்தான் எண்ணிக்கை கானின் ஐந்தில் ஒருவரை நெருங்குகிறது.

இருபது மடங்கு வேறுபாட்டுக்கு அளவைக் கருவியும் ஒரு காரணம். 1960களில் அல்டோஸ்டீரோனை அளப்பது பெரிய ஆய்வகங்களுக்கே உரிய வேலை. 1981இல் ஜப்பானில் ஹிராமட்சு குழுவினர் அல்டோஸ்டீரோனை ரெனினால் வகுத்துப் பார்க்கும் எளிய வழியைக் காட்டினார்கள். உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும், ரெனின் அல்டோஸ்டீரோனைத் தூண்டும். ஆகவே இரண்டும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும். அட்ரினல் தன் போக்கில் சுரக்கத் தொடங்கிவிட்டால் உடலில் உப்பு நிறைந்து ரெனின் அடங்கிவிடும். ரெனின் தரைமட்டத்தில் இருக்க, அல்டோஸ்டீரோன் மட்டும் குறையாமல் நிற்பதுதான் நோயின் கையெழுத்து. ரெனின் அடங்கியிருக்கும் என்பதையும் 1964லேயே காட்டியவர் கான்தான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரிச்சர்ட் கார்டன் 1990களில் பொட்டாசியம் இயல்பாக உள்ள இரத்த அழுத்த நோயாளிகளையும் இந்த விகிதத்தால் சலித்தபோது, நோயாளிகளின் எண்ணிக்கை பன்மடங்கு கூடியது. நோய் புதிதாகப் பெருகவில்லை, சல்லடைதான் மாறியது. நோய் உறுதியானவர்களில் பொட்டாசியம் குறைந்தவர்கள் 9 முதல் 37 சதவீதம் மட்டுமே.

பொட்டாசியத்தைப் பற்றி என் மேசையிலிருந்து ஒரு செய்தி. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, “கையை மூடித் திறங்கள், மூடித் திறங்கள்” என்று சொல்வது பல இடங்களில் வழக்கம். முன்கைத் தசை அப்படி வேலை செய்யும்போது தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, இரத்தம் எடுக்கும் அதே சிரைக்குள் வரும். இரத்தத்தை வேகமாக உறிஞ்சினாலும், குழாயை நெடுநேரம் போட்டு வைத்தாலும் சிவப்பணுக்கள் உடைந்து இன்னும் கூடும். உடலில் 3.3 என்று இயல்பைவிடக் குறைந்திருக்கிற பொட்டாசியம், தாளில் 3.8 என்று இயல்பான அளவாக அச்சாகிவிடும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ‘இவருக்கு அல்டோஸ்டீரோன் சோதனை வேண்டாம்’ என்று ஒருவர் முடிவெடுத்திருப்பார். இது போக, ஒருவர் உப்பைக் குறைத்து உண்டால், சிறுநீரகக் குழலின் கடைப்பகுதிக்குச் சோடியம் குறைவாகவே வந்து சேரும். மாற்றிக்கொள்ளச் சோடியம் இல்லாதபோது பொட்டாசியமும் அதிகம் வெளியேறாது. மருத்துவர் சொல்படி உப்பைக் குறைத்த நல்ல நோயாளிக்கே நோய் மறைந்துகொள்கிறது என்பது வேடிக்கைதான்.

நடைப்பயணி

நான் மருத்துவன் அல்லன், இந்த நோய் இருந்தவன். மேலே இருக்கும் விளக்கங்களோடு என் அனுபவத்தையும் சேர்த்தால் மாணவிக்குப் பயன்படலாம்.

38 வயதில் எனக்கு இரத்த அழுத்தம் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் மாத்திரை ஒன்றிலிருந்து நான்கானது, அழுத்தம் 150க்குக் கீழே வர மறுத்தது. என் பொட்டாசியம் எப்போதும் 3.7, 3.9 என்றே வந்தது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பேன். கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். கேட்டபோதெல்லாம் மன அழுத்தம், எடை, பரம்பரை என்று காரணம் சொன்னார்கள். நான் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்று ஒரு மருத்துவமனையில் என் மனைவியிடமே விசாரித்தார்கள். பிறகு வேறொரு பெண் மருத்துவர் பழைய தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் சில மாத்திரைகளை மாற்றினார். காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிவிட்டு, சற்று நேரம் உட்கார்ந்த பிறகு இரத்தம் கொடுக்கச் சொன்னார். விகிதம் மிக அதிகம் என்று வந்தது. அடுத்து நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புநீரைச் சிரையில் ஏற்றி, அதற்குப் பிறகும் அல்டோஸ்டீரோன் அடங்காமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அடங்கவில்லை.

ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. உடனே எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஸ்கேனில் தெரியும் முடிச்சு சும்மா இருக்கும் முடிச்சாகவும் இருக்கலாம், உண்மையான குற்றவாளி மறுபக்கமாகவும் இருக்கலாம் என்று சொல்லி, தொடைச் சிரையின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இரண்டு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்தார்கள். விழித்திருந்தபடியே படுத்திருந்தேன். இடப்பக்கம் விரைவில் முடிந்தது. வலப்பக்கச் சிரை மிகக் குட்டையானது, பெருஞ்சிரையிலேயே நேராகத் திறப்பது, அதன் வாயைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம் என்று எனக்குச் சொல்லியபடியே அந்த மருத்துவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினார். முடிவு இடப்பக்கம் என்றே வந்தது. துளை அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று ஒரே ஒரு மாத்திரை, அதுவும் குறைந்த அளவு. முழுமையாக நிறுத்த முடியவில்லை என்பதில் எனக்கு ஏமாற்றம் உண்டு.

பழைய மருத்துவன்

நடைப்பயணி ஐயாவுக்கு, அந்த ஏமாற்றம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு பக்கச் சுரப்பியை நீக்கியவர்களைப் பல நாடுகளில் தொகுத்துப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 94 சதவீதத்தினருக்கு ஹார்மோன் கோளாறு முழுமையாக நீங்கியது. ஆனால் மாத்திரையே இல்லாமல் அழுத்தம் இயல்புக்கு வந்தவர்கள் 37 சதவீதம்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மாத்திரை குறைந்தவர்கள். நோய் எத்தனை ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததோ அத்தனை ஆண்டுகள் இரத்தக் குழாய்கள் இறுகிப் போயிருக்கும். உங்களை நான்கு ஆண்டுகள் அலையவைத்ததற்கு என் தலைமுறை மருத்துவர்களும் பொறுப்பு.

இரண்டு பக்கமும் மிகையாகச் சுரப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லை. அல்டோஸ்டீரோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைதான். 1950களின் இறுதியிலிருந்தே இருக்கும் பழைய, மலிவான மருந்து. ஆண்கள் சிலருக்கு மார்பகம் பெருக்கும் தொல்லை உண்டு, அவர்களுக்கு எப்லரெனோன் இருக்கிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தத்துக்கு நான்காவது மருந்தாக எதைச் சேர்ப்பது என்று பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்து 2015இல் வெளியிட்டபோது, மற்ற மருந்துகளைவிட ஸ்பைரனோலாக்டோனே தெளிவாக முந்தியது. கட்டுப்படாத அழுத்தத்தில் பெரும்பங்கு உப்புத் தேக்கம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உயர் இரத்த அழுத்தம் உறுதியான பெரியவர்கள் அனைவருக்கும் இந்த விகிதச் சோதனையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. கான் 1994இல் இறந்துவிட்டார்.

வைகைக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. கையை மூடித் திறக்கச் சொல்வதைப் பற்றி ஆய்வகத்துக்காரி அவர்கள் எழுதியதை வரும் செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பில் மாணவர்களின் கைகளிலேயே சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

ஒரு துணைக் கேள்வி. இதே மாணவியின் பாட்டி, தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று பல மாதங்களாக நாள்தோறும் அதிமதுரக் கஷாயம் குடித்துவருகிறாராம். அவருக்கு அண்மையில் இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறைந்து, கால்கள் சோர்ந்து போகின்றனவாம். ஆனால் அல்டோஸ்டீரோன் சோதனையில் அளவு மிகக் குறைவாக வந்திருக்கிறது. அல்டோஸ்டீரோன் குறைவாக இருந்தும் அல்டோஸ்டீரோன் நோய் போலவே தோன்றுவது எப்படி?

பழைய மருத்துவன்

கஷாயத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அவருடைய மருத்துவரிடமும் மறைக்காமல் அதைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். கஷாயம் குடிப்பதை மருந்து என்று நம் வீடுகளில் எவரும் கணக்கில் வைப்பதில்லை, ஆகவே மருத்துவர் கேட்டாலும் சொல்வதில்லை.

இந்தப் புதிரிலும் கானின் கை இருக்கிறது. பல ஆண்டுகளாக அதிமதுர மிட்டாயை நாள்தோறும் தின்றுவந்த ஒரு நோயாளியைப் பற்றி அவர் 1968இல் எழுதினார். அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு, ரெனின் குறைவு. எல்லாம் அவருடைய நோயே போல. ஆனால் அல்டோஸ்டீரோனும் அடிமட்டத்தில் இருந்தது. மிட்டாயை நிறுத்தியதும் எல்லாம் சீரடைந்தன. ஏன் என்பது 1980களின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. சிறுநீரகத்தில் அல்டோஸ்டீரோனுக்கு என்று இருக்கும் ஏற்பியில், அட்ரினலின் மற்றொரு ஹார்மோனான கார்ட்டிசோலும் அதே வலுவோடு ஒட்டக்கூடியது. இரத்தத்தில் அது அல்டோஸ்டீரோனைவிடப் பல நூறு மடங்கு அதிகம். அப்படியிருந்தும் நமக்கெல்லாம் அழுத்தம் ஏறாததற்குக் காரணம், அந்த உயிரணுவின் உள்ளே வாயிற்காவலன் போல ஒரு நொதி இருந்து, கார்ட்டிசோலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுவதுதான். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் குடலில் சிதைந்து உருவாகும் பொருள் அந்தக் காவலனை முடக்கிவிடுகிறது. பிறகு கார்ட்டிசோல் உள்ளே புகுந்து உப்பைத் தேக்குகிறது. உப்பு நிறைந்ததும் ரெனினும் அல்டோஸ்டீரோனும் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

நொதி மீண்டு வரச் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே கஷாயத்தை நிறுத்திய மறுநாளே சோதித்துவிட்டு, ‘மாற்றமில்லை, காரணம் அதிமதுரம் அன்று’ என்று முடிவுகட்ட வேண்டாம். அதுவரை பாட்டியின் பொட்டாசியத்தை மருத்துவர் கண்காணிக்க வேண்டும். மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். இரத்தம் கொடுக்கும்போது கையை மூடித் திறக்கச் சொன்னால் பாட்டி மறுத்துவிடட்டும்.